அவசரம் இல்லாமல் எமர்ஜென்சிக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப மருத்துவரிடம் காட்டினாலே சரியாகிவிடுகிற தொல்லைகளோடு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் போய் உட்காருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுகிறவர்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பேச்சில் 'எமர்ஜென்சி' என்றே சொல்கிறோம் என்பதால் எழுத்திலும் அப்படியே விட்டுவிட்டேன்.

அவசரமில்லாத நோயாளி என்று யாரைச் சொல்கிறார்கள்?

இரண்டு வாரமாக விடாத இருமல், காது வலி, கணுக்கால் சுளுக்கு, சிறுநீர் போகும்போது எரிச்சல், தோலில் தடிப்பு, மாதக்கணக்காக இருக்கிற முதுகுவலி. இவற்றோடு, நோய் என்றே சொல்ல முடியாத சில வேலைகளும் சேரும். பிபி மாத்திரை தீர்ந்துவிட்டது, புதுச் சீட்டு வேண்டும். போட்ட தையலைப் பிரிக்க வேண்டும். லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இன்று பார்க்காவிட்டால் நாளையோ மறுநாளோ பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் ஒன்றும் கெட்டுப்போகாது என்கிற ரகம்.

வருகிறவர்களில் இவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். நோயாளி உள்ளே வந்தபோது வாசலில் கொடுத்த அவசர நிலையை வைத்து எண்ணினால் ஓர் எண் வரும். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய நோயின் பெயரை வைத்து எண்ணினால் வேறோர் எண் வரும். 'பாதிப் பேர் தேவையில்லாமல் வருகிறார்கள்' என்று எங்காவது தலைப்பைப் பார்த்தால், எதை வைத்து எண்ணினார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது செய்தியில் இருக்காது.

வாசலில் இருக்கும் செவிலியர் வரிசையை எப்படி முடிவு செய்கிறார்?

யார் முதலில் வந்தார் என்று அவர் பார்ப்பதில்லை. யாரைத் தாமதமாகப் பார்த்தால் ஆபத்து என்று பார்க்கிறார். இந்தத் தரம் பிரிப்புக்கு ட்ரையாஜ் என்று பெயர். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துச் சிகிச்சை செய்தார். அங்கிருந்து வருகிற வழக்கம் இது.

இன்று பல நாடுகளில் ஐந்து நிலைகள் உண்டு. 1999இல் வந்த கனடா அளவுகோலில், முதல் நிலைக்கு உடனடியாக, இரண்டாவதற்கு 15 நிமிடத்தில், மூன்றாவதற்கு 30, நான்காவதற்கு 60, ஐந்தாவதற்கு 120 நிமிடத்தில் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது இலக்கு. (இலக்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கூட்டமான நாளில் ஐந்தாம் நிலைக்காரர் இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்தால் அதிர்ஷ்டம்தான்.) மான்செஸ்டர் முறையில் எண்ணுக்குப் பதிலாக சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் கொடுப்பார்கள். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் முறையில், உயிராபத்து இல்லாதவர்களைப் பிரிக்க வேறொரு கேள்வி: இவருக்கு எத்தனை விதமான பரிசோதனையோ சிகிச்சையோ தேவைப்படும்? ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும் என்றால் மூன்றாம் நிலை. எக்ஸ்ரே மட்டும் போதும் என்றால் நான்கு. பார்த்துச் சீட்டு எழுதினால் போதும் என்றால் ஐந்து.

கணுக்கால் பிசகி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படி விழுந்தார் என்று அவர் விவரித்துக்கொண்டிருப்பார். செவிலியர் கதையைக் கேட்டபடியே, ஆள் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா, முகம் வெளுத்திருக்கிறதா, வியர்த்திருக்கிறதா, வாசலிலிருந்து நாற்காலிவரை எப்படி வந்தார் என்று பார்த்து முடித்திருப்பார். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு. அப்புறம் கணுக்காலின் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்துவார். "இங்கே வலிக்குதா? நாலு அடி நடக்க முடியுமா?" இந்த இரண்டும் ஏதோ பேச்சுக்குக் கேட்பவை என்று தோன்றும். எக்ஸ்ரே தேவையா என்று தீர்மானிக்க ஒட்டாவாவில் 1990களின் தொடக்கத்தில் வகுத்த விதிகளில் இருப்பவை அவை. எலும்பில் வலி இல்லை, நான்கு அடி நடக்கவும் முடிகிறது என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவருக்கு நான்கோ ஐந்தோ எழுதிக் காத்திருக்கச் சொல்லிவிடுவார். எல்லாம் சில நிமிட வேலை.

எனக்குப் பின்னால் வந்தவரை எனக்கு முன்னால் கூப்பிட்டார்களே?

அவர் நிலை உங்களுடையதைவிட மோசம். பெரும்பாலும் விஷயம் அவ்வளவுதான். சில இடங்களில் எதிர்மாறாகவும் நடக்கும். சிறு தொல்லைகளுக்கென்று தனி மருத்துவரோ செவிலியரோ வைத்து 'விரைவு வரிசை' நடத்துவார்கள். அங்கே விரலில் வெட்டுப்பட்டவர் அரை மணியில் தையலோடு வெளியே வந்துவிடுவார், வயிற்றுவலிக்காரர் உட்கார்ந்தே இருப்பார். இரண்டும் தனித்தனி வரிசை என்பதால் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியாது.

குடும்ப மருத்துவரை விட்டுவிட்டு ஏன் அங்கே போகிறார்கள்? சோம்பேறித்தனமா?

மணிக்கணக்காக நாற்காலியில் காத்திருக்க யாரும் சோம்பேறித்தனத்தால் போவதில்லை.

முதல் காரணம், குடும்ப மருத்துவரைப் பார்க்க முடிவதில்லை. காலையில் போன் போட்டால் லைன் கிடைக்காது, கிடைத்தால் 'அடுத்த வாரம் வியாழக்கிழமை' என்பார்கள். காது வலியோடு வியாழக்கிழமைவரை இருப்பது எப்படி? பலருக்கு மருத்துவரே இல்லை. கனடாவில் 2022இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், சுமார் 65 லட்சம் பேருக்கு, வழக்கமாகப் போய்ப் பார்க்க ஒரு குடும்ப மருத்துவர் இல்லை. மருத்துவ வசதியில் பின்தங்கிய நாடு இல்லை அது.

இரண்டாவது, நேரம். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில்தான் மக்களும் வேலையில் இருக்கிறார்கள். நாள்கூலிக்குப் போகிறவர் பகலில் மருத்துவரைப் பார்த்தால் அன்றைய சம்பளம் போச்சு. ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருப்பது எமர்ஜென்சி ஒன்றுதான்.

மூன்றாவது, எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. குடும்ப மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு ஓர் இடம், ஸ்கேனுக்கு வேறோர் இடம் என்று எழுதிக் கொடுப்பார், முடிவு வர ஒரு வாரம், அதைக் காட்ட இன்னொரு சந்திப்பு. எமர்ஜென்சியில் அதே வேலை ஒரே இரவில் முடிகிறது. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால் இது சரியான கணக்குதான்.

பயத்தையும் சேர்க்க வேண்டும். நெஞ்சில் சுருக்கென்று குத்தும்போது அது வாயுவா இதயமா என்று யாருக்குத் தெரியும்? அப்புறம், யாரும் கவனிக்காத ஒரு காரணம்: பலரை அங்கே அனுப்புவதே மருத்துவ அமைப்புதான். கிளினிக் மூடிய பிறகு போன் செய்தால், 'அவசரம் என்றால் எமர்ஜென்சிக்குச் செல்லவும்' என்று பதிவு செய்த குரல் சொல்கிறது. பொறுப்பேற்கப் பயந்து அங்கே போகச் சொல்லும் வரவேற்பாளர்களும் உண்டு. சொன்னதைக் கேட்டு வந்தவரை எதற்கு வந்தாய் என்று கேட்பது என்ன நியாயம்?

காப்பீடு இல்லாதவர்கள்தான் எமர்ஜென்சியை நிரப்புகிறார்களா?

அமெரிக்காவில் நெடுநாளாக இப்படித்தான் நம்பினார்கள். 1986இல் வந்த சட்டப்படி, அரசின் மெடிகேர் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளின் எமர்ஜென்சி, பணம் கட்ட முடியாதவர் வந்தாலும் பரிசோதித்து, உயிராபத்து இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். கிளினிக்குகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே எல்லோருக்கும் காப்பீடு கொடுத்தால் கூட்டம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள்.

2008இல் ஒரிகன் மாநிலம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் குறைந்த இடங்களே இருந்ததால் குலுக்கல் நடத்தி ஆட்களைச் சேர்த்தது. ஆய்வாளர்களுக்கு இது எதிர்பாராத வரம். குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிந்தது. 2014இல் வெளியான முடிவு: காப்பீடு கிடைத்தவர்கள் எமர்ஜென்சிக்குப் போவது சுமார் 40 சதவீதம் கூடியது. கிளினிக்கிலேயே பார்த்திருக்கக்கூடிய தொல்லைகளுக்காகப் போனதும் அதில் அடக்கம். காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது?

ஆம்புலன்ஸ்கள் வாசலில் நிற்பதற்கும் உள்ளே நெரிசலுக்கும் இவர்கள்தானே காரணம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முக்கியக் காரணம் இவர்கள் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 110 எமர்ஜென்சிகளின் பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. எட்டு மணி நேரத்தில் சிறு தொல்லைக்காரர்கள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்ற நோயாளிகள் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு கூடும்? சராசரியாக 2.1 நிமிடம். அவர்கள் அங்கே இருக்கும் மொத்த நேரம் 5.4 நிமிடம் கூடியது. இதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது காத்திருப்பு அறையில் இருக்கும் கூட்டம்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது நாற்காலி. இருமல்காரருக்குப் பெட் வேண்டாம், மானிட்டர் வேண்டாம், பத்து நிமிடம் மருத்துவர் வேண்டும், அவ்வளவுதான்.

அடைப்பு இருப்பது மேல்மாடியில். வயது எழுபத்தெட்டு, நிமோனியா, வார்டில் சேர்க்க வேண்டும் என்று மதியம் இரண்டு மணிக்கே முடிவாகிவிட்டது. வார்டில் பெட் காலி இல்லை. அவர் எமர்ஜென்சியிலேயே தள்ளுவண்டிப் படுக்கையில் கிடக்கிறார், மறுநாள் காலைவரைகூட. அவருக்கு நேரத்துக்கு ஊசி போட வேண்டும், ஆக்சிஜன் பார்க்க வேண்டும், கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரு படுக்கையும் ஒரு செவிலியரின் பாதி நேரமும் அவருக்கே போய்விடும். இப்படிப் பத்துப் பேர் இருந்தால், புதிதாக ஆம்புலன்ஸில் வருகிறவரை இறக்கி வைக்க இடமே இல்லை. வார்டில் ஏன் பெட் இல்லை? வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்ட பலர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளோ முதியோர் இல்லத்தில் இடமோ கிடைக்காமல் அங்கேயே இருக்கிறார்கள். நெரிசலின் நூல் பிடித்துப் போனால் கடைசியில் மருத்துவமனைக்கு வெளியேதான் போய் நிற்கும்.

இது வெறும் அசௌகரியம் இல்லை. 2022இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, வார்டில் சேர்க்கப்பட்ட ஐம்பது லட்சத்துக்கும் மேலான நோயாளிகளின் பதிவுகளை அலசியது. வந்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரம்வரை வார்டுக்குப் போக முடியாமல் காத்திருந்தவர்களில் 82 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கூடுதல் மரணம் நேர்ந்திருக்கிறது. இருமல்காரரைத் திட்டினால் இந்தக் கணக்கில் ஒன்றும் மாறாது. திட்டுவது சுலபம், பெட் கூட்டுவதற்குப் பணம் வேண்டும். அதனால்தான் அந்தப் பேச்சு ஓய்வதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராத்திரியில் ஒரே ஒரு டூட்டி டாக்டர் இருக்கும் சின்ன மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்கே பத்து நிமிடமும் பத்து நிமிடம்தான்.

அப்படியானால் சின்னத் தொல்லைக்கும் எமர்ஜென்சிக்கே போய்விடலாமா?

போனால் ஊருக்கு வரும் நஷ்டத்தைவிட உங்களுக்கு வரும் நஷ்டம் அதிகம். அங்கே இருக்கும் மருத்துவர் திறமைக் குறைவானவர் என்பதால் இல்லை. அவருடைய வேலை வேறு.

எமர்ஜென்சி மருத்துவர் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, 'இன்று ராத்திரி இவரைக் கொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா?' தலைவலியோடு போனால், மூளையில் ரத்தக்கசிவு இல்லை, மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்து, வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார். அவர் வேலையை அவர் நன்றாகவே செய்துவிட்டார். ஆனால் மாதத்துக்கு நாலு தடவை ஏன் அந்தத் தலைவலி வருகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. குடும்ப மருத்துவரின் கேள்வி அதுதான். போன வருஷம் எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, அம்மாவுக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு, வேலை மாறியதிலிருந்து தூக்கம் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், அல்லது அவருடைய கோப்பில் இருக்கும். எமர்ஜென்சியில் நீங்கள் ஒவ்வொரு முறையும் புது ஆள். உங்களைத் தெரியாததால் அங்கே பரிசோதனையும் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும். தேவையில்லாத ஸ்கேன் தேவையில்லாத சந்தேகங்களைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

ஒரே மருத்துவரிடம் போவதன் பலனுக்கு ஓர் அளவு இருக்கிறது. நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட, நேரங்கெட்ட நேரத்தில் மருத்துவ உதவி தேடுவதும், அவசரமாக மருத்துவமனையில் சேர்வதும், அந்தக் காலத்தில் இறப்பதும் 25 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த மருத்துவர் மந்திரம் ஒன்றும் போடவில்லை. ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

எது அவசரம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் நேர்மையான பதில். 2013இல் அமெரிக்காவில் சுமார் 35,000 எமர்ஜென்சி வருகைகளைப் பார்த்த ஆய்வில், வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய நோயைப் பார்த்தால் 6.3 சதவீத வருகைகளைக் குடும்ப மருத்துவரே பார்த்திருக்கலாம். ஆனால் அவர்கள் உள்ளே வந்தபோது சொன்ன தொல்லைகள், மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்தினர் சொன்ன தொல்லைகளோடு ஒத்துப்போயின. அதே 'நெஞ்சு வலி', அதே 'வயிற்று வலி'. ஒருவருக்கு வாயு, இன்னொருவருக்கு உடனே அறுவை சிகிச்சை. மருத்துவருக்கே பார்த்த பிறகுதான் தெரிகிறது என்றால், வீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனாலும் சில அறிகுறிகள் வந்தால் யோசிக்கவே கூடாது. நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்ப்பது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், சொல்லத் தெரியாத களைப்பு என்று மாரடைப்பு வரலாம். இதயச் சந்தேகத்தோடு வருகிறவருக்கு முதல் 10 நிமிடத்தில் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது எமர்ஜென்சிகளின் விதி.

முகம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது பக்கவாதம். அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். 'கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கிறேன்' என்று சொல்லிப் படுத்தவர்கள் இழந்தது அந்த நேரத்தைத்தான். முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சுத்திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, வாழ்நாளில் பட்டிராத திடீர்த் தலைவலி, வலிப்பு, மயங்கி விழுவது, பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்காத ரத்தம், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், விஷமோ அளவு மீறிய மாத்திரையோ உள்ளே போனது, கர்ப்பத்தில் ரத்தப்போக்கு அல்லது கடும் வலி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். எல்லாமே உடனே போக வேண்டியவை. முதுகுவலி சாதாரணம்தான், ஆனால் அதோடு சிறுநீர் வராமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ அன்றைக்கே போக வேண்டும். பையன்களுக்கு விரையில் திடீர்க் கடும் வலி என்றால், வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். திருகிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு.

நெஞ்சு வலியோ பக்கவாதச் சந்தேகமோ இருந்தால் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டு மெஷினில் பிபி 180 காட்டுகிறது. ஓட வேண்டுமா?

நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பம், கை கால் பலவீனம், கடும் தலைவலி எதுவும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், மறுபடி பாருங்கள். அப்போதும் அதிகமாக இருந்தால் ஓரிரு நாளில் குடும்ப மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். அறிகுறி இல்லாத பிபியை எமர்ஜென்சியில் சரசரவென்று இறக்கினால் மூளைக்கு ரத்தம் குறைந்து கெடுதல்கூட வரலாம் என்பதால், அங்கேயும் பெரும்பாலும் மாத்திரையைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கதை வேறு, உடனே போக வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே உடனே காட்ட வேண்டும், எந்த நேரமானாலும். அதற்குமேல் வயதான குழந்தையிடம் தெர்மாமீட்டரைவிடக் குழந்தையைப் பாருங்கள். 39 டிகிரியிலும் மருந்து கொடுத்த பிறகு எழுந்து விளையாடுகிற, குடிக்கிற, சிறுநீர் போகிற குழந்தை காலைவரை இருக்கலாம். 38.2தான், ஆனால் துவண்டு கிடக்கிறது, எழுப்பினால் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது, விலா உள்ளே இழுக்க மூச்சு விடுகிறது, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன என்றால் காத்திருக்கக் கூடாது.

காது வலிக்குப் பெரும்பாலும் முதல் தேவை வலி மருந்துதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலேயே மூன்று நாளில் குறைந்துவிடும். இருமலைப் பற்றியும் ஒன்று: சாதாரண நெஞ்சுச் சளியில் இருமல் சராசரியாகப் பதினெட்டு நாள் நீடிக்கிறது, மக்கள் எதிர்பார்ப்பதோ ஏழெட்டு நாள். பத்தாம் நாள் இருமலோடு வருகிற கூட்டத்துக்கு இந்த இடைவெளிதான் காரணம்.

ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் எமர்ஜென்சியை விட்டால் வேறு வழி?

இருக்கிற நாடுகளில் இருக்கிறது. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்கள் கூட்டாகச் சேர்ந்து, மாலையிலும் இரவிலும் வார இறுதியிலும் முறை வைத்து ஒரு மையத்தை நடத்துகிறார்கள். பல இடங்களில் அது மருத்துவமனை எமர்ஜென்சிக்கு அடுத்த கதவாகவே இருக்கும். டென்மார்க்கின் தலைநகர்ப் பகுதியில் 2014 முதல், உயிராபத்து இல்லாதவர்கள் வருமுன் 1813 என்ற எண்ணுக்கு அழைத்துவிட்டு வர வேண்டும். இங்கிலாந்தில் 111. ஆஸ்திரேலியா 2023இல் முன்பதிவு வேண்டாத அவசரக் கிளினிக்குகளைத் திறக்கத் தொடங்கியது, தையல், சிறு எலும்பு முறிவு மாதிரியானவற்றுக்கு.

உங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் இன்றே இந்தக் கேள்வியைக் கேட்டு வையுங்கள்: மூடிய பிறகு யாரைக் கூப்பிடுவது? உடம்பு நன்றாக இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. மாத்திரை மட்டும் தீர்ந்துவிட்டது என்றால் முதலில் மருந்தாளரிடம் போங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைச் சில நாளுக்கு அவரே தரப் பல நாடுகளில் அனுமதி உண்டு.

அவசரமில்லாமல் வருகிறவர்களுக்குக் கட்டணம் போட்டால் அடங்கிவிடுவார்களே?

வருவது குறையும், சந்தேகமில்லை. யார் வராமல் இருப்பார்கள் என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ரேண்ட் நிறுவனம் நடத்திய பெரிய காப்பீட்டுப் பரிசோதனையில், கையிலிருந்து பணம் கட்ட வேண்டியவர்கள் தேவையில்லாத சிகிச்சையைக் குறைத்தார்கள், தேவையான சிகிச்சையையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்தார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 'வாயுவாகத்தான் இருக்கும், வீண் செலவு' என்று படுத்துக்கொள்கிறவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். அயர்லாந்தில் குடும்ப மருத்துவரின் கடிதம் இல்லாமல் வந்தால் கட்டணம் உண்டு. கடிதம் எழுத மருத்துவர் கிடைக்கிற இடத்தில்தான் அந்த விதிக்கு அர்த்தம்.

எமர்ஜென்சிக்குப் போவது என்று முடிவாகிவிட்டது. என்ன எடுத்துப் போக வேண்டும்?

சாப்பிடுகிற எல்லா மருந்துகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒரு சின்ன மஞ்சள்' என்று சொன்னால் உலகத்தில் எந்த மருத்துவருக்கும் புரியாது. ஒவ்வாமை, பழைய அறுவை சிகிச்சை, கடைசியாக எடுத்த ஈசிஜி இருந்தால் அதன் நகலோ போனில் எடுத்த படமோ. பழைய ஈசிஜிக்கு மதிப்பு அதிகம்: இன்றைய கோணல் புதியதா, பத்து வருஷமாக இருப்பதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடும். போன் சார்ஜர். வயதானவரை அழைத்துப் போனால் அவருடைய மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும், இல்லாவிட்டால் கண்ணும் காதும் சரியாகத் தெரியாததை மனக்குழப்பம் என்று எழுதிவிடுவார்கள். வயிற்று வலியென்றால், செவிலியரைக் கேட்காமல் எதையும் சாப்பிட வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

திரும்பும்போது தருகிற காகிதத்தைக் குடும்ப மருத்துவரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். 'ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனை' என்று அதில் ஒரு வரி இருக்கும், அதைச் செய்ய வேண்டியவர் அவர்தான்.

காத்திருந்து அலுத்துவிட்டது. பேசாமல் கிளம்பிப் போய்விடலாமா?

போகலாம், யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் இருக்கும் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவர் இன்னொரு முறை நாடி, பிபி பார்ப்பார். எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறதா என்று பார்ப்பார், வராவிட்டால் போன் நம்பரைச் சரிபார்த்து வைத்துக்கொள்வார். முடிவில் ஏதாவது ஏடாகூடமாக வந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும்போதே வலி கூடினாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு முட்டினாலோ, முறை வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் எழுந்து போய்ச் சொல்லுங்கள். வந்தபோது நான்கு என்று எழுதியதை இரண்டாக மாற்ற அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.